மேட்டில் நின்ற ஜீப்பும் பழி சுமந்த டிரைவரும்

(நீலாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



கார்புரேட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "கிராணியாருக்குப் பேனாவைத் தவிர வேறென்ன தெரியும்?" என்று யாரோ பின்வரிசையில் சிரித்தது என் காதில் விழுந்தது. உண்மைதான், நான் மெக்கானிக் அல்லன். ஆனால் ஒரு டிரைவரின் வேலையைக் காப்பாற்றியது அந்தப் பேனாதான். அதைச் சொல்லவே வந்தேன்.

நான் முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் என்னைவிட வயதில் மூத்த ஜீப் ஒன்று இருந்தது. பள்ளத்து மரங்களின் பாலை ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் ஏறித்தான் அது ஸ்டோருக்கு வரவேண்டும். பாதி மேட்டில் எஞ்சின் இருமும், கரும்புகை கக்கும், அணைந்துவிடும். அதைக் கிளப்புவதற்குள் வெயில் ஏறிப் பால் உறைந்து போகும். கட்டிப்பால் கணக்கில் போனால் நஷ்டம் யாருக்கு? வெட்டிய தொழிலாளிக்குத்தான். அதனால் தொழிலாளிகள் டிரைவரை ஏசினார்கள். நிர்வாகமோ, "உன் கவனக்குறைவு. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்று கடிதம் கொடுத்தது. நடுவில் நின்று தலை குனிந்தவர் அந்த டிரைவர்.

வண்டிக் கணக்குப் புத்தகம் என் கையில் இருந்தது. அதில் நான்கு விவரங்களைக் கூடுதலாக எழுதத் தொடங்கினேன். வண்டி நின்ற நேரம், நின்ற இடம், தாங்கியில் இருந்த பெட்ரோல், வண்டியில் இருந்த சுமை. இரண்டு வாரத்தில் சங்கதி தெளிவாயிற்று. தாங்கி நிறைந்திருந்தாலும் நின்றது. ஆகவே பெட்ரோல் குறைவு காரணமல்ல. குளிர்ந்த காலையிலும் நின்றது. ஆகவே சூடேறிப் பெட்ரோல் ஆவியானதும் காரணமல்ல. வெறும் வண்டியாய்ப் போனாலும் நின்றது, சுமையும் காரணமல்ல. சமதரைக்கு வந்தால் நன்றாக ஓடியது. ஒருநாள் வெறும் வண்டியை அதே மேட்டில் பின்கியரில் ஏற்றிப் பார்த்தோம். நிற்காமல் ஏறியது!

இதன் காரணம் உங்களுக்குத்தான் எளிதில் விளங்கும். மரத்தில் கட்டிய கோப்பை சாய்ந்தால் பால் ஒரு பக்கம் ஒதுங்கி விளிம்பில் வழிகிறதல்லவா? கார்புரேட்டருக்குள்ளும் அப்படியொரு கிண்ணம் உண்டு. அதில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறும்போது மிதவையும் ஏறி, ஒரு சிறு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் துளைவாய்க்குச் சற்றுக் கீழே மட்டம் நிற்பதே சரியான அளவு. வண்டி மேட்டில் மூக்கைத் தூக்கினால், கிண்ணம் துளைவாய்க்கு முன்னால் இருக்கும் வண்டியில் பெட்ரோல் மிகுந்து வழியும். கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் வரும். கிண்ணம் பின்னால் இருந்தால் பெட்ரோல் எட்டாது. எஞ்சின் திணறிச் சாகும். அடையாளத்தைப் பார்த்தே எந்த நோய் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வண்டியில் மெக்கானிக் கிண்ணத்தைத் திறந்து, மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே பெட்ரோல் சலசலத்தது. ஊசிமுனை அளவு ஓட்டை! மிதவை தாழ்ந்து மிதந்ததால் மட்டம் ஏறிவிட்டது. புது மிதவை, புது ஊசி வால்வு. அவ்வளவுதான். விசாரணையன்று என் புத்தகமும் பழைய மிதவையும் மேசைமேல் இருந்தன. கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

மிதவை நன்றாக இருந்தும் மட்டம் மிகுந்தால், சோலெக்ஸ், ஜெனித் கார்புரேட்டர்களில் ஊசி வால்வின் அடியில் சற்றுத் தடித்த வாஷர் போட்டு மட்டத்தைக் குறைப்பார்கள். அளவுக்கு மேல் குறைத்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். ஆகவே தெரிந்தவர் கையால், எஞ்சின் குளிர்ந்தபின், அருகில் சுருட்டுமின்றி பீடியுமின்றிச் செய்யவேண்டும்.

இது நம் செம்மண் மேட்டுக்கு மட்டும் வந்த தொல்லையல்ல. 1940-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் திடீரென மூக்கைக் கவிழ்த்துப் பாயும்போது, இதே மிதவைக் கிண்ணத்தால் எஞ்சின் திணறியது. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஸ்மிட் 109 விமானத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை இருந்ததால் அதற்கு அந்தக் குறை இல்லை. 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் என்ஜினியர், நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் தடுப்பைப் பெட்ரோல் வழியில் வைத்துத் தொல்லையைப் பெருமளவு தணித்தார். விமானிகளைக் குறைசொல்லி எஞ்சின் சரியாகவில்லை. காரணத்தைத் தேடியதால் சரியாயிற்று. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய புது வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. டீசல் வண்டிக்குக் கார்புரேட்டரே கிடையாது. ஆனாலும் பழைய வண்டி ஓடும் இடத்தில் உயிர் முக்கியம். மேட்டில் எஞ்சின் நின்றால் நியூட்ரலில் உருளவிடாதீர்கள். வண்டியைக் குறுக்கே திருப்பாதீர்கள். கால் பிரேக்கை அழுத்தி, பின்கியர் போட்டு, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்தின் பின்னால் கட்டை கொடுத்தபிறகே ஆட்கள் இறங்கவேண்டும். 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவர் முதலான பழைய வண்டிகளில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை; பின் சக்கரங்களுக்குப் போகும் சுழல்தண்டையே பிடிக்கும். ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வண்டி உருளக்கூடும். ஆகவே கட்டையில்லாமல் மேடேறாதீர்கள்.

தோழர்களே! வண்டி நின்றால் டிரைவரை ஏசுமுன், எங்கே நின்றது, எப்போது நின்றது, என்ன புகை வந்தது என்று பார்த்து வந்து சொல்லுங்கள். கிராணிமார்களே, அதைத் தேதியோடு எழுதி வையுங்கள். வெட்டுபவர் கண்ணும் எழுதுபவர் பேனாவும் ஒன்று சேர்ந்தால், செய்யாத குற்றத்துக்கு ஒரு தொழிலாளி தலை குனிய வேண்டியதில்லை.