கொட்டகையும் ஒரு கோட்டைதான்



ஓட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சியில் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய கோட்டைக்கு, 1974இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. ஊர் ஊராக இடிபடும் பழைய சினிமா கொட்டகைகளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அப்படி இடிபட்ட ஒரு கொட்டகையின் கதை இது. அதைக் கட்டிய கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905இல் திருச்சிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படத்தையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியாவில் சினிமாவுக்கென்றே எழுந்த முதல் நிரந்தரக் கட்டடங்களில் அதுவும் ஒன்று.

பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆனது. அண்மையில் அதையும் இடித்துவிட்டார்கள். வெரைட்டி ஹால் ரோடு என்ற தெருப்பெயர்தான் மிச்சம்.

எந்தச் சாதிக்காரரும் டிக்கெட் வாங்கி ஒரே கூரையின் கீழ் உட்கார வழிசெய்தவை இந்தக் கொட்டகைகள். அதுவும் நம் வரலாறுதான்.

உங்கள் ஊர்க் கொட்டகை எப்போது வந்தது? முதலில் ஓடிய படம் எது? படம் ஓட்டிய பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.