முதலில் எதை மாற்றுவது?



ஏழெட்டு வருடங்களுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் இன்று பல வீடுகளில் திணறிக்கொண்டிருக்கிறது. பட்டனை அழுத்தினால் திரை முழுதாக வந்து சேர மூன்று நான்கு நிமிடம் ஆகிறது. கல்லூரி விண்ணப்பம் போட உட்கார்ந்த பிள்ளைக்குப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. புதிது வாங்க வசதி இல்லை, சில ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். அதை எதில் போடுவது? ஒரு கடையில் ரேம் போடச் சொல்வார்கள், அடுத்த கடையில் பிராசஸரையே மாற்றச் சொல்வார்கள். இரண்டு பேரும் உங்கள் மெஷினைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு பழைய கணக்கு உதவும். ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் 360 கணினிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஜீன் அம்டால். பல பிராசஸர்களைச் சேர்த்தால் வேகம் எவ்வளவு கூடும் என்ற விவாதத்தில், 1967-இல் அவர் ஒரு கணக்கை முன்வைத்தார். நம் வீட்டு மெஷினுக்கும் அது அப்படியே பொருந்தும். ஒரு வேலை முடியப் பத்து விநாடி ஆகிறது. அதில் பிராசஸர் எடுத்துக்கொள்வது இரண்டு விநாடி, டிஸ்க்குக்காகக் காத்திருப்பது எட்டு விநாடி என்று வைத்துக்கொள்வோம். இருமடங்கு வேகமான பிராசஸர் போட்டாலும் மிச்சமாவது ஒரே ஒரு விநாடி. அதே பணத்தில் டிஸ்க்கைப் பத்து மடங்கு வேகமாக்கினால், மொத்த வேலையும் மூன்று விநாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே மெஷின் எங்கே காத்து நிற்கிறது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்குச் செலவே இல்லை. விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதமும் தெரியும். சி.பி.யு. என்றால் பிராசஸர், மெமரி என்றால் ரேம். மெஷின் திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மெமரி பாதி அளவில் நிற்க, டிஸ்க் மட்டும் நூறைத் தொட்டு நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். பழைய மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. லேப்டாப்பில் வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கே சுமார் 11 மில்லி விநாடி ஆகிறது, படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகரும் நேரம் தனி. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் கோப்புத் துண்டுகளில் விநாடிக்கு நூறைக்கூட அதனால் எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்து வரவோ ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. சாதாரண எஸ்.எஸ்.டி.கூட விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுக்கும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப் உங்கள் வீட்டில் இருக்கிறதா? ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே இணைப்பில், இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. உட்கார்ந்துவிடும்.

டிஸ்க்கோடு மெமரியும் தொண்ணூறைத் தாண்டியிருந்தால் கதை வேறு. ரேமில் இடம் போதாமல் மெஷின் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ரேம்தான் முதலில். நான்கு ஜி.பி.யோடு இன்றைய பிரவுசரை ஓட்டுவது கஷ்டம். எழுத, படிக்க, ஆன்லைன் வகுப்புக்கு எட்டு ஜி.பி. போதும், பதினாறு கேட்டு வாங்க வேண்டாம். ஒன்றைக் கவனியுங்கள்: டி.டி.ஆர். 3 ரேம் டி.டி.ஆர். 4 ஸ்லாட்டில் நுழையாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அதில் கூட்ட வழியில்லை. ஏ.ஐ. தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. அதனால், மாற்றித் தரும் உறுதியோடு கிடைத்தால், பிறர் பயன்படுத்திய ரேமைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பயன்படுத்திய எஸ்.எஸ்.டி.யை வாங்காதீர்கள். அதில் இவ்வளவுதான் எழுத முடியும் என்று ஒரு வரம்பு உண்டு, அதில் எவ்வளவு தீர்ந்திருக்கிறதோ!

சி.பி.யு. நூறில் நின்றால்கூட உடனே பிராசஸருக்குப் போகாதீர்கள். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டி, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினாலே பல மெஷின்கள் தேறிவிடும். பிராசஸரை மாற்றப் போனால் பெரும்பாலும் மதர்போர்டும் மாறும், மதர்போர்டு மாறினால் ரேமும் மாறலாம். சிறிய பட்ஜெட்டில் அது கட்டுப்படியாகாது. கிராஃபிக்ஸ் கார்டு கேம் ஆடுகிறவர்களுக்கும் வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும்தான். அவர்களும் முதலில் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டம் நன்றாகவே பொருந்தும். ரேம், எஸ்.எஸ்.டி. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும், எது என்று முடிவாகவில்லை என்றால் நான் எஸ்.எஸ்.டி.யைத்தான் சொல்வேன். நாளை மெஷின் கைவிட்டாலும் அதைக் கழற்றி இன்னொன்றில் போடலாம். டி.டி.ஆர். 3 ரேம் புது மெஷின் எதிலும் சேராது.

கடைக்குக் கொடுப்பதற்கு முன் குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். மாற்றியபின் பழைய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் உங்கள் வீட்டு விஷயங்கள் எல்லாம் இருக்கின்றன.