மேயர் கட்டிய வீடுகளும் சர்க்கார் பீரங்கியும்

(ஆலை வாயிற்கூட்டத்தில் ஆற்றிய உரை)

நகரசபைக்கு நம் ஆட்கள் போய் என்ன ஆகப்போகிறது என்கிறார்கள் சிலர். நகரசபை கைக்கு வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். இரு சாராருக்கும் வியன்னா நகர மேயர் கார்ல் ஸைட்ஸின் வரலாறு பதில் சொல்லும்.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1869-ல் பிறந்தவர் ஸைட்ஸ். தகப்பனாரை இழந்து அநாதை விடுதியில் வளர்ந்தார். தையல் வேலை பழகினார். பிறகு படித்துப் பள்ளி ஆசிரியரானார். சமூக ஜனநாயகக் கட்சியின் சார்பில் 1901-ல் பார்லிமெண்டுக்குப் போனார். மன்னராட்சி ஒழிந்தபின் 1919-ல் குடியரசின் தலைவர். 1923-ல் வியன்னா மேயர்.

அப்போது அங்கே தொழிலாளி எப்படிக் குடியிருந்தான்? ஒற்றை அறையில் ஒரு குடும்பம். தண்ணீர்க் குழாயும் கக்கூசும் வெளியே, பல குடும்பங்களுக்குப் பொது. படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தூங்கியவர்களும் உண்டு.

வீடு கட்டப் பணம் எங்கே? பணக்காரனிடம்! மாளிகைக்குப் பெரிய வரி, சிறு வீட்டுக்குச் சிறு வரி. காருக்கும் வரி, வேலையாட்கள் வைத்திருப்பவனுக்கும் வரி. முதலாளிகள் கூச்சலிட்டார்கள். வீடுகள் எழுந்தன: 1934-க்குள் 60,000-க்கு மேல்! 1930-ல் ஸைட்ஸ் திறந்துவைத்த 'கார்ல் மார்க்ஸ் ஹோப்' ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள், சலவைக்கூடம், குளியலறை, குழந்தைப் பள்ளி, நூல்நிலையம்.

ஆனால் துப்பாக்கி யார் கையில் இருந்தது? 1927-ல், தொழிலாளர் ஊர்வலத்தின்மீது சுட்டு இருவரைக் கொன்றவர்களைக் கோர்ட் விடுவித்தது. கொதித்தெழுந்த மக்களைப் போலீஸ் சுட்டது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போலீஸ் மேயருடையதல்ல, மத்திய சர்க்காருடையது! 1933-ல் டால்பஸ் சர்க்கார் பார்லிமெண்டை முடக்கியது. கட்சித் தலைமையோ பொறுங்கள், பொறுங்கள் என்றே காலம் கடத்தியது.

1934 பிப்ரவரி 12-ல் தொழிலாளர் ஆயுதமெடுத்தனர். வேலைநிறுத்தம் பரவவில்லை, ரயில்கள் ஓடின. கிராமங்களில் கிறிஸ்துவ சமூகக் கட்சியின் செல்வாக்கு. வியன்னாத் தொழிலாளி தனித்து நின்றான். தொழிலாளர் குடியிருப்புகள்மீது சர்க்கார் பீரங்கிகள் முழங்கின. நகரசபைக் கட்டிடத்திலேயே மேயர் கைதானார்; கட்சி தடைசெய்யப்பட்டது. 1944-ல் நாஜிகள் அந்த முதியவரை ராவென்ஸ்புரூக் முகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு திரும்பி, 1950-ல் காலமானார்.

அந்தக் குடியிருப்பு இன்றும் நிற்கிறது, நகரசபையின் உடைமையாகவே. ஆகவே நகரசபை வீண் என்று சொல்லாதீர்கள். நகரசபையே போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஓட்டால் வாங்கியதைக் காப்பது சங்கத்தின் பலம். பஞ்சாலைத் தொழிலாளியின் பக்கத்தில் விவசாயத் தொழிலாளி நின்றால்தான் அந்தப் பலம் நிலைக்கும். இன்று மாலையே பக்கத்துக் கிராமத்துக்குப் புறப்படுங்கள், தோழர்களே!