இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஆசிரியரும் வாசிப்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாசிப்பின் பயன்களை நான் பட்டியலிடப் போவதில்லை. அதை நாம் ஒவ்வோர் ஆண்டும் காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்குப் பதில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்கள் இப்போது என்ன புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்று நான் கேட்கவில்லை. கல்லூரியில் படித்ததையும் கேட்கவில்லை. உங்கள் கைப்பையில், தலைமாட்டில், வண்டிப் பெட்டியில் இன்று பாதியில் கிடக்கும் புத்தகத்தைத்தான் கேட்கிறேன்.

அரங்கம் அமைதியாகிவிட்டது. வருத்தப்படாதீர்கள். இதே கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டபோது நானும் இப்படித்தான் விழித்தேன். விழித்ததோடு விட்டிருக்கலாம். ஒரு பொய்யும் சொன்னேன்.

வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் எங்கள் பள்ளிக்கு வந்திருந்த நேரம் அது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாணவி நிமிர்ந்து, "டீச்சர், நீங்க இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?" என்றாள். யோசிக்காமல் "பொன்னியின் செல்வன்" என்றேன். "எத்தனாவது பாகம் டீச்சர்?" "மூணாவது."

பொன்னியின் செல்வனை நான் படித்தது ஆசிரியர் பயிற்சிக் காலத்தில். அதன் பிறகு திருமணம், குழந்தை, பணிமாறுதல், பயிற்சிகள், இணையப் பதிவுகள். பாடப் புத்தகத்தைத் தவிர வேறு ஒரு முழுப் புத்தகத்தை நான் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை ஒரு குழந்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் விடவில்லை. மறுநாள், "டீச்சர், நாலாவது பாகம் வந்தாச்சா?" என்றாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். "நேரமே இல்லம்மா" என்றேன். ஒரு வாரம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டாள். கேட்ட நாள்களைவிட, கேட்பதை நிறுத்திய நாள்தான் என்னை உறுத்தியது. அவளைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "நான் இப்ப எதையும் படிக்கலம்மா. அது ரொம்ப நாளைக்கு முன்னாடி படிச்சது. உங்கிட்ட சும்மா சொல்லிட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும்தான் டீச்சர், 'ஓடு' புத்தகம் படிச்சேன்னு சொல்லிட்டு 'நட' புத்தகம்தான் உள்ள வச்சுப் படிச்சேன்" என்றாள்.

மூன்று மாதமாக அவள் வாசிப்பை நான் கவனித்து வந்தேன். அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று என் பதிவேட்டில் குறித்தும் வைத்திருந்தேன். அந்தக் குறிப்பு தவறு. நான் உண்மையைச் சொன்ன பிறகுதான் அவள் தன் உண்மையைச் சொன்னாள். இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். நாம் என்ன வாசிக்கிறோம், எங்கே சிக்கி நிற்கிறோம் என்பதை மறைக்காமல் பகிர்ந்தால்தான் பிள்ளைகளும் சக ஆசிரியர்களும் தங்கள் வாசிப்பை நம் முன்னால் திறந்து வைப்பார்கள்.

இந்தக் கேள்விக்கு நம் மொழியில் ஒரு பெரிய வரலாறு உண்டு. தமிழாசிரியர்கள் நன்கு அறிந்த நிகழ்ச்சிதான். மற்றப் பாட ஆசிரியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் உ.வே.சாமிநாதையர் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வயது 25. அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று உ.வே.சா. அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, பட்டியல் நீளமானது. முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை.

அந்த இடத்தில் உ.வே.சா. படித்ததாக ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து அதைப் படிக்கிறார்கள். புரியாத இடங்கள் ஏராளம். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வருகிறது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அந்தப் பணி வளர்கிறது. இவையெல்லாவற்றையும் தம் தன்வரலாற்றில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த நிகழ்ச்சியை நாம் பதிப்பு வரலாறாகவே சொல்லி வருகிறோம். இருவர் தம் வாசிப்பைப் பகிர்ந்துகொண்ட கதையாகவும் இதைப் பார்க்கலாம். படித்து முடித்த நூல்களின் பட்டியலால் அங்கே எதுவும் நடக்கவில்லை. படிக்காத ஒரு நூலை, புரியாமலே, இருவர் சேர்ந்து திறந்தபோதுதான் எல்லாம் நடந்தது. அவரும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஓர் ஆசிரியர்தான். வகுப்பு முடிந்த பிறகுதான் சிந்தாமணி.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் சிறுமியிடம் பேசிய வாரத்தில், ஆசிரியர் அறையில் வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பின் 15 நிமிடம் நம் வாசிப்பைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். மூன்றே வாரத்தில் அது படுத்துவிட்டது.

தவறு எங்களுடையதுதான். முதல் வாரம் ஒருவர் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி வந்து வாசித்தார். அடுத்த வாரம் இன்னொருவர் நூலாசிரியர் வாழ்க்கைக் குறிப்பில் தொடங்கினார். நான் ஒரு நோட்டுப் போட்டு யார் எத்தனை புத்தகம் முடித்தார்கள் என்று குறிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் வாரம் ஒரு சார் எழுந்து, "டீச்சர், இது இன்னொரு பயிற்சி வகுப்பு மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. படித்ததற்குக் கணக்குக் கேட்டால் படிக்காதவர் ஒதுங்கிப் போவார், அல்லது என்னைப் போலப் பொய் சொல்வார்.

நோட்டை மூடிவிட்டு மறுபடி தொடங்கினோம். சுருக்கம் சொல்லக் கூடாது. எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று சொன்னால் போதும். விருப்பமிருந்தால் அரைப் பக்கம் உரக்க வாசிக்கலாம். எந்தப் புத்தகமும் தாழ்ந்ததில்லை.

அந்த வாரம் எங்கள் கணித ஆசிரியர் தேனீ வளர்ப்பு பற்றிய ஒரு சிறு கையேட்டைக் கொண்டுவந்தார். தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கிறார். உணவு குறையும் காலத்தில் வேலைக்காரத் தேனீக்கள் ஆண் தேனீக்களைக் கூட்டைவிட்டு வெளியே தள்ளிவிடும் என்ற பகுதியை வாசித்தார். அறையே சிரித்தது. "வீட்டுல சொல்லிடாதீங்க சார்" என்றார் ஒருவர். அறிவியல் ஆசிரியையான எனக்கே அது புதுச் செய்தி. அன்று மணி அடித்த பிறகும் பேச்சு முடியவில்லை. அடுத்த வாரத்துக்குள் அந்தக் கையேடு மூன்று பேர் கைக்கு மாறிவிட்டது.

இன்னொரு வாரம், உடற்கல்வி ஆசிரியர் முறை வந்தபோது, "நான் இப்ப எதுவும் படிக்கல. கடைசியா படிச்சது பயிற்சி முடிக்கும்போது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர், "நானும் ரெண்டு மாசமா ஒரே பக்கத்துலதான் சார் நிக்கிறேன்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு அறையில் எல்லாரும் இயல்பாகப் பேச ஆரம்பித்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் இன்றும் பல வாரங்கள் கேட்பதற்கு மட்டுமே வருகிறார். அதுவும் பங்கேற்புதான்.

நெல்லை வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி'யைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டு முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒரு கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவிப்பார்கள். தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. பண்டிதர் அல்லாதவர்களும் அங்கே போய்த் தமிழில் ஊறித் திரும்பினார்கள். அவ்வளவு பெரிய சபை நமக்கு வேண்டாம். ஆசிரியர் அறையில் நான்கு நாற்காலி போதும்.

வகுப்பறைக்கு வருகிறேன். வாசல் பக்கச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினோம். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இப்போது படிக்கும் புத்தகமும் பக்க எண்ணும் மட்டும். நுழை, நட என்ற நிலை அதில் இருக்காது. அது ஆசிரியரின் திட்டமிடலுக்கான குறிப்பு, சுவரில் ஒட்டுவதற்கானது அல்ல. எத்தனை புத்தகம் முடித்தார்கள் என்ற எண்ணிக்கையும் இருக்காது. முதல் வரி என் பெயர். நான் ஒரே பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் விடலாம். பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னாக், வாசகரின் பத்து உரிமைகளைச் சொல்லும்போது முடிக்காமல் விடுவதையும் ஓர் உரிமையாகச் சேர்த்திருக்கிறார். அந்த உரிமையை நான் என் பெயருக்கு எதிரேயே ஒரு முறை பயன்படுத்திக் காட்டினேன்.

பேசும்போது என்ன கேட்பது? இங்கிலாந்தில் ஆசிரியராக இருந்த ஏடன் சேம்பர்ஸ் நான்கு எளிய கேள்விகளைத் தருகிறார். எது பிடித்தது? எது பிடிக்கவில்லை? எது புதிராக இருந்தது? எது எதனோடு தொடர்பு கொள்கிறது? 'ஏன்' என்று குறுக்கு விசாரணை செய்வதைத் தவிர்த்து, 'சொல்லேன், கேட்போம்' என்று தொடங்கச் சொல்கிறார் அவர். மூன்றாவது கேள்விதான் எங்கள் வகுப்பில் அதிகம் வேலை செய்கிறது. புரியாததைச் சொன்னால் குறை இல்லை என்று தெரிந்ததும் கடைசி வரிசையிலிருந்தும் கை உயர்கிறது. இன்னும் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள் படம் பார்த்துச் சொல்கிறார்கள். பாட்டியிடம் கேட்ட கதையைச் சொல்பவர்களும் உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தேர்வு மாதத்தில் எங்கள் வெள்ளிக்கிழமை நின்றுபோகிறது. சார்ட்டில் பழைய பக்க எண்ணே வாரக்கணக்கில் இருக்கும் பெயர்களும் உண்டு. ஆனால் அந்த மாணவி இப்போது தான் படிக்கும் புத்தகத்தை எதற்குள்ளும் வைத்து மறைப்பதில்லை. 'நட'வை 'நட' என்றே சொல்லிப் படித்து, தானாக 'ஓடு'வுக்குப் போனாள்.

கேட்டவளே நான் பதில் சொல்லாமல் போனால் எப்படி? நான் இப்போது கிஜுபாய் பத்தேக்கா எழுதிய 'பகல் கனவு' படித்துக்கொண்டிருக்கிறேன். ஓர் ஆசிரியர் அனுமதி வாங்கி, நான்காம் வகுப்பை ஓராண்டு எடுத்து நடத்தும் சோதனை. முதல் நாள் அவர் போட்டு வந்த திட்டம் அப்படியே தோற்றுப்போகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். பிறகு பாடப்புத்தகம் வாங்கும் பணத்தில் கதைப் புத்தகங்கள் வாங்கி வகுப்புக்கு ஒரு நூலகம் அமைக்கிறார். நான் அந்த இடத்தில் நிற்கிறேன். என் புதிர் இது: முதல் நாள் தோற்றதை அவர் எழுதியே வைத்தார். என் பாடக்குறிப்பேட்டில் தோற்ற வகுப்பு ஒன்றுகூட இல்லையே, ஏன்? யாராவது படித்திருந்தால் தேநீர் இடைவேளையில் என்னிடம் பேசுங்கள்.

இப்போது இரண்டு நிமிடம் தருகிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, என்ன படிக்கிறீர்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எதுவும் படிக்கவில்லை என்றால் அதையே சொல்லுங்கள்.