மேசைமேல் ஒரு பால்மா டின்

2023 ஜூன் மாதம் பிப்பர்ஜோய் புயல் குஜராத் கரையை நெருங்கியபோது, ரிப்பப்ளிக் பாரத் என்ற இந்தி அலைவரிசையின் அறிவிப்பாளர் ஒருவர் கலையகத்துக்குள்ளேயே குடை பிடித்து நின்றார். பின்னால் பெருந்திரையில் புயல் சுழன்றது. காற்று தள்ளுவதுபோல் தடுமாறித் தடுமாறிச் செய்தி சொன்னார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 2018 செப்டெம்பரில், புளோரன்ஸ் சூறாவளி அமெரிக்கக் கரைக்கு வந்தபோது த வெதர் சனலும் கலையகத்துக்குள் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. கணினி வரைந்த நீர் அறிவிப்பாளரைச் சுற்றி மூன்று அடி ஏறியது, பிறகு ஆறு அடி, பிறகு ஒன்பது அடி. இரண்டுமே செயற்கைதான். ஆனால் முதலாவதைப் பார்த்தவருக்குப் புயலைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. இரண்டாவதைப் பார்த்தவர் எழுந்துபோய், ஒன்பது அடி தன் வீட்டுச் சுவரில் எதுவரை வரும் என்று பார்க்கலாம். அனர்த்தச் செய்தியில் பொருள்களையும் படங்களையும் பாவிப்பதை நான் எதிர்க்கவில்லை. பார்ப்பவர் தன் வாசலில் வைத்துப் பார்க்கக்கூடிய ஓர் அளவை அவை தருகின்றனவா என்றுதான் கேட்கிறேன்.

நமது பதுளை மலைக்கு அந்த அளவு ஏற்கெனவே இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். இது செய்தியில் எப்படி வருகிறது? பசறை, ஹாலிஎல, ஹல்துமுல்ல என்று பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் திரையின் அடியில் ஓடி மறைகின்றன. கோணக்கலையில் லயத்து இஸ்தோப்பில் நிற்கும் ஒரு தாய்க்கு 100 மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு? அறிவிப்பாளரின் மேசைமேல் நேரான சுவருள்ள ஒரு பால்மா டின்னை வைத்து, அடியிலிருந்து மூன்று அங்குலத்தில் ஒரு கோடு, நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று போட்டுக் காட்டினால் போதும். அதே டின்னை இரவு திறந்த வெளியில் வைத்தால், தன் தோட்டத்து மழையைத் தானே அளந்துகொள்வாள். ஒரு மலையில் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாக இருப்பதை அறிந்த நமக்கு இது சின்ன விஷயமில்லை. டின்னுக்குப் பக்கத்தில் சரித்து வைத்த ஒரு தட்டில் மண்ணை நிரப்பி, நீரை மெல்ல ஊற்றட்டும். மேல்விளிம்பில் வெடிப்பு விழுவதையும், அடியில் கலங்கல் நீர் கசிவதையும் கமரா கிட்ட நின்று காட்டட்டும். நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று: இவற்றைக் கண்டால் டின் நிரம்பும்வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

இவ்வளவு நிதானமாகச் சொன்னால் யார் பார்ப்பார்கள் என்று ஊடகத்துறையினர் கேட்பார்கள். புளோரன்ஸ் காட்சியை உலகமே பகிர்ந்து பார்த்தது. தன் உயிரைப் பற்றிய தெளிவான தகவலை மனிதர் தேடிப் பார்ப்பார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். மலையில் பிறந்தவனுக்கு மலை சரியும் என்று தெரியாதா, தெரிந்தும் போக இடமில்லாதவனுக்கு டின் எதற்கு என்பதுதான் அது. கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்தவர்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. முதல் நாள்களில் செய்திகள் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றன. பின்னர் அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. எண் ஏறுவதையும் இறங்குவதையும் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. 2016இல் தப்பியவர்களுக்காகப் பூனாகலைப் பக்கம் மகல்தெனியவில் 75 வீடுகள் எழுந்தன. கட்ட முடிந்த வீடுகள் இவை, 2005இலேயே கட்டியிருக்கலாம். ஆகவே மறுப்பு நியாயமானது. அதனால்தான் மேசைமேல் இன்னொரு பொருளும் வேண்டும் என்கிறேன்: எந்தத் தோட்டத்தில் எந்த டிவிஷனுக்கு எந்த ஆண்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது, எத்தனை குடும்பங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன என்று காட்டும் ஒரு வரைபடம். டின் லயத்தில் இருப்பவர்களுக்கு. வரைபடம் தோட்டக் கம்பனிக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் அமைச்சுக்கும். சரிந்த பின் வரும் ஹெலிகொப்டர் படம் அவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. தேதி போட்ட வரைபடம் கேட்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு மறுபடியும் எழுந்தது. சக்தி, வசந்தம், நேத்ரா தொலைக்காட்சிகள் தமிழில் செய்தி வாசிக்கின்றன. இங்கிருந்து அவற்றுக்கு ஒரு கோரிக்கை எழுதி அனுப்புவோம்: ஒக்டோபர் பிறந்ததும் ஒவ்வொரு மாலைச் செய்தியிலும் இரண்டு நிமிடம், அந்த டின், அந்தத் தட்டு, தோட்டப் பெயர்கள் தமிழில் எழுதிய அந்த வரைபடம். கடிதத்தோடு பசறைப் பிரிவில் எச்சரிக்கை விடுக்கப்பட்ட தோட்டங்களின் பட்டியலையும் நாமே தொகுத்து இணைக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்குத் தோட்டப் பெயர்களைத் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள்.