ஏட்டறிவு ஊரறிவாகட்டும்!

(அண்ணனூரில், உயர்கல்விக்குச் செல்லும் மாணவரை வாழ்த்தும் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)

 

நம் அண்ணனூர் மகள் ஒருவர் ‘சுற்றுச்சூழல் அறிவியலும் கொள்கையும்’ என்னும் முதுநிலைப் படிப்பை மேற்கொள்ளப் போகின்றார். “மருத்துவமும் பொறியியலும் இருக்க, இஃதென்ன படிப்பு?” என்று உறவினர் வினவுகின்றனராம். அவர்கட்கு விடை கூறவே நான் வந்துள்ளேன்.

தொலைவுக்குப் போக வேண்டா. நம்மூர்த் தொடர்வண்டியில் கிழக்கே செல்லுங்கள். 1964-ஆம் ஆண்டு எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எத்தனையோ குடும்பங்கட்குச் சோறு தந்தது, அதை மறவோம். ஆனால், அம்பத்தூர் ஏரி நிறைந்து கொரட்டூர் ஏரிக்கு நீர் வழிந்தோடிய காலிலேயே பின்னாளில் வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஓடின. கொரட்டூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறினர்.

ஏரி நாறுகின்றது என்பது மக்களின் பட்டறிவு. எந்த நஞ்சு, எவ்வளவு, எவ்வழி வந்தது என்று அளந்து காட்டுவது அறிவியல். எவர் பொறுப்பு, எவர் செலவு, எந்தச் சட்டம் என்று வரையறுப்பது கொள்கை. இரண்டையும் ஒருவரே அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கே இப்படிப்பு.

இதனால் விளையும் பயனுக்கு வேலூரே சான்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. அங்குள்ள குடிமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்பதும், முழுச் சான்று கிட்டவில்லை என்று கரணியங்காட்டிக் காப்பைத் தள்ளிப்போடலாகாது என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகளே என்று 1996-ஆம் ஆண்டு உச்ச நயன்மன்றம் தீர்த்தது.

இனி, மொழிக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு நடுவணரசு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. அதனை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நயன்மன்றம் சூன் 30 அன்று ஆணையிட்டது. நடுவணரசோ அதை எதிர்த்து உச்ச நயன்மன்றம் சென்றது! ஏரி நமது, வயல் நமது, ஆனால், அவற்றைத் தொடும் விதி நமக்கு விளங்காத மொழியில்! கருத்துக் கேட்பதுபோல் கேட்டு வாயைப் பொத்துவதன்றோ இது?

அயலாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உறங்குகின்றன. மதகு, கலிங்கு, தூம்பு, ஊருணி, கண்மாய் என்று நீருக்குச் சொல் வளர்த்த மொழியில் இத்துறைக்குச் சொல் இல்லை என்பவன் தேடாதவன்.

மகளே! எம்மொழியில் வேண்டுமாயினும் கற்றுக்கொள். ஆனால், எந்த ஏரியை ஆய்ந்தாயோ அந்த ஊரில் உன் ஆய்வின் முடிவை நல்ல தமிழில் படித்துக் காட்டு. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு உரிய சுருக்க அறிக்கை மாநில மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையே கூறுகின்றது. அதைக் கேட்டு வாங்கு. பிழையிருப்பின் அவையில் எழுந்து சுட்டு. உன் பட்டத்தால் வருவாய் குறைவாயினும் ஆகலாம், ஊர் குறைவுபடாது.

சென்று வா! வென்று வா!