பின்செல்லும் வழி

அம்பத்தூரில் எங்கள் தெரு வீடுகளுக்கு இரண்டு கதவிலக்கங்கள் உண்டு. பழையது ஒன்று, புதியது ஒன்று. எதை எழுதினாலும் தபால்காரர் விசாரித்துக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். இணையத்தில் அத்தகைய தபால்காரர் இல்லை. அங்கே முகவரி பிழைத்தால் வழியும் பிழைத்துவிடும்.

எங்கள் தெரு மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பம் எழுதினாள். அன்றே கடைசி நாள். ஐந்தாம் படியில் இருந்தவள், நான்காம் படியில் எழுதிய மதிப்பெண்ணைச் சரிபார்க்க எண்ணி, உலாவியின் பின்செல் பொத்தானை அழுத்தினாள். தளத்தின் முதல் வாசல் வந்து நின்றது. எழுதியவை யாவும் மறைந்தன. நள்ளிரவுக்குள் மீண்டும் எழுதி ஒருவாறு அனுப்பினாள். “என் பிழைதான், ஐயா” என்றாள். அன்று, பிழை அவளுடையதன்று.

காரணம் என்ன? முன்பெல்லாம் உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் தொலைவிலுள்ள சர்வரிடம் கேட்டு வாங்கும். பக்கத்துக்கொரு முகவரி, சென்ற வழியை உலாவி வரிசையாகக் குறித்துவைக்கும். 2005-இல் ‘அஜாக்ஸ்’ என்று பெயர்பெற்ற முறை பரவியபின், பக்கத்தை ஒருமுறை வாங்கிக்கொண்டு, வேண்டிய பகுதியை மட்டும் நிரலே மாற்றி எழுதும் வழக்கம் பெருகிற்று. விரைவு மிகுந்தது. ஆனால் முகவரி மாறாமையால், உலாவியின் குறிப்பில் ஒரு வரியே நின்றது. மாணவிக்கு ஐந்து படிகள். உலாவிக்கோ ஒரே பக்கம்!

இதற்குப் பரிகாரம் உண்டு. 2014-இல் தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல். 5, ‘புஷ்ஸ்டேட்’ என்னும் வசதியைத் தருகிறது. பக்கத்தை மீண்டும் வாங்காமலே, நிரல் ஒவ்வொரு படிக்கும் ஒரு முகவரியை உலாவியின் குறிப்பில் சேர்க்கலாம். பின்செல் பொத்தானை அழுத்தியதும் உலாவி நிரலுக்கு அறிவிக்கும். நிரல் முந்திய படியை வரைந்து காட்டும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை. பக்கத்தைப் புதுப்பித்தால், அந்த முகவரி நேரே சர்வருக்குச் செல்லும். ‘அப்படியொரு பக்கம் இல்லை’ என்று அது 404 என்னும் எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே, அத்தகைய முகவரிகள் எதற்கும் முதற்பக்கத்தையே தருமாறு சர்வரைப் பழக்க வேண்டும். மற்றதை நிரல் முகவரியைப் படித்துச் செய்துகொள்ளும். மேலும், முகவரி வழியைத்தான் காக்கும். எழுதியதைக் காக்க, அவ்வப்போது சேமித்தலும் வேண்டும்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகளே! உங்கள் வேலை முடிந்ததும் மூன்று சோதனைகள் செய்யுங்கள். பின்செல்லுங்கள், பக்கத்தைப் புதுப்பியுங்கள், முகவரியை நண்பனுக்கு அனுப்பி, அதே இடம் அவனுக்கும் திறக்கிறதா என்று கேளுங்கள். மூன்றிலும் தேறிய பின்னரே அதைப் பிறர் கையில் கொடுங்கள். கடைசி நாளில், கடைசி நிமிஷத்தில், அதை நம்பி ஒருத்தி அமர்ந்திருப்பாள்.